களிம்புச் சந்தையும் தொழிலாளியின் தோலும்

அம்பூரி என்னும் பெயர் 2001ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் நாள் மலை சரிந்து ஏறத்தாழ 40 உயிர்களைப் பறித்தபோது நாளேடுகளின் முதற்பக்கத்தில் இடம்பெற்றது. அதன் பிறகு நெய்யாற்று நீர்த்தேக்கத்தின் கரையிலுள்ள இந்த மலையடிவார ஊரை வெளியுலகம் பெரிதாக நினைத்துப் பார்த்ததில்லை. மலைச்சரிவுக்கு ஓசை உண்டு. ஒரே இரவில் அது நடந்து முடிகிறது. தோலின்மேல் மாதக்கணக்கில் நடக்கும் அழிவுக்கு ஓசை இல்லை. ஆகவே அது செய்தியாவதில்லை. நெய்யாற்றின்கரை, பாறசாலை வட்டாரத்து எல்லைக் கிராமங்களிலும், எல்லைக்கு இப்பால் விளவங்கோட்டுப் பக்கத்திலும், சொல்லப்போனால் இந்தியாவின் எந்த ஊரிலும், ஒரு சின்ன அலுமினியக் குழாய் வழியாக அந்த அழிவு நடந்துகொண்டிருக்கிறது. ஸ்டீராய்டு கலந்த களிம்புகளின் கட்டற்ற விற்பனையே அது.

பால் வெட்டும் தொழிலாளி ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். விடியுமுன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் நுழைகிறார். மழைக்காலத்தில் மரத்துக்குக்கூட பிளாஸ்டிக் பாவாடை கட்டிவிடுகிறார்கள்; வெட்டுகிறவருக்கு ஈர உடைதான். பாலை உறைய வைக்கும் பார்மிக் அமிலம் கையில் படுகிறது. தொடையிடுக்கிலும் இடுப்பிலும் வியர்வையும் மழையீரமும் காய்வதே இல்லை. சில வாரங்களில் வட்டமாகச் சிவந்து, ஓரம் தடித்து, இரவெல்லாம் அரிக்கும் ஒரு திட்டு தோன்றுகிறது. தமிழில் படர்தாமரை, எல்லைப்புறத்தில் மலையாளத்தோடு கலந்து வட்டச்சொறி என்பார்கள். அது பூஞ்சையால் வருவது. மருத்துவரிடம் போனால் அன்றைய கூலி போய்விடும். மருந்துக் கடைக்குப் போனால் ஐந்து நிமிடம். "இதைப் போடுங்க அண்ணா, ரெண்டு நாள்ல மாறிப்போகும்" என்று ஒரு குழாய் கைக்கு வருகிறது.

மாறிப்போகிறது என்பதுதான் கொடுமை. இரண்டு நாளில் அரிப்பு நிற்கிறது, சிவப்பு மங்குகிறது. குழாயிலுள்ள ஸ்டீராய்டு நோயைக் குணப்படுத்தியதால் அன்று. நோயை எதிர்க்கும் உடலின் போராட்டத்தை அடக்கியதால். சிவப்பும் வீக்கமும் அரிப்பும் பூஞ்சைக்கு எதிராக உடல் நடத்தும் போரின் அடையாளங்கள். போர்வீரனை மயக்கிப் படுக்க வைத்துவிட்டால் களம் அமைதியாகத் தெரியும். பகைவன் ஊருக்குள் பரவிக்கொண்டிருப்பான். களிம்பை நிறுத்திய மறுவாரமே திட்டு இருமடங்காகத் திரும்பி வருகிறது. மறுபடியும் அதே குழாய். ஆறு மாதத்தில் அது படர்தாமரை போலவே தோற்றமளிக்காமல் உருமாறிவிடுகிறது. இப்படி முகம் மறைத்துக்கொண்ட பூஞ்சை நோய்க்கு 1968இலேயே மருத்துவ இலக்கியத்தில் தனிப்பெயர் இடப்பட்டுவிட்டது. தொடையிடுக்கில் தோல் மெலிந்து கீறல் கீறலாக வரிகள் விழுகின்றன. அவ்வரிகள் வாழ்நாள் முழுவதும் மறைவதில்லை. வீட்டில் ஒரே துண்டைப் பயன்படுத்தும் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் பூஞ்சை தொற்றுகிறது. அதே குழாய் அவர்களுக்கும் போகிறது.

இது ஒரு குடும்பத்தோடு நிற்கவில்லை. கடந்த பத்தாண்டுகளில் இந்தியத் தோல் மருத்துவர்கள் படர்தாமரையை ஒரு கொள்ளைநோயாகவே கணக்கிடத் தொடங்கியிருக்கிறார்கள். வழக்கமான மருந்தான டெர்பினாபினுக்கு அடங்காத ஒரு பூஞ்சையினம் தலையெடுத்தது. 2020இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதற்கு இட்ட பெயர் டிரைக்கோபைட்டன் இண்டோடினியே. பெயருக்குள்ளேயே இந்தியா இருக்கிறது! 2023 மே மாதம் நியூயார்க் நகரில் இரண்டு நோயாளிகளிடம் அது கண்டறியப்பட்டதாக அமெரிக்காவின் நோய்க்கட்டுப்பாட்டு மையம் அறிவித்தபோது உலக ஊடகங்கள் பரபரத்தன. இந்தியக் களிம்புச் சந்தையின் கண்மூடித்தனமான ஸ்டீராய்டுப் புழக்கம் இப்பூஞ்சையின் பரவலுக்கு உரமிட்ட முக்கியக் காரணங்களுள் ஒன்று என்று மருத்துவர்கள் பலர் கருதுகின்றனர். வல்லரசுக் கனவு காண்போர் இந்த ஏற்றுமதியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்.

இவ்விடத்தில் ஒரு தவறான முடிவுக்குப் பாய்ந்துவிடக் கூடாது. ஸ்டீராய்டு நஞ்சன்று. கார்ட்டிசோன் பற்றிய ஆய்வுக்காகக் கெண்டல், ஹென்ச், ரைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கு 1950இல் நோபல் பரிசு கிடைத்தது. 1952இல் சல்ஸ்பெர்கரும் விட்டனும் ஹைட்ரோகார்ட்டிசோனைத் தோலின்மேல் பூசிக் கரப்பானை அடக்கிக் காட்டினார்கள். அதுவரை தாரும் கட்டுத்துணியுமாக அவதிப்பட்ட லட்சக்கணக்கான நோயாளிகளுக்கு அது விடுதலை. அந்த மருந்து மலிவானதற்குப் பின்னாலும் உழைப்பின் கதை ஒன்று உண்டு. மெக்சிகோவின் காடுகளில் ஏழை உழவர்கள் தோண்டியெடுத்த காட்டுக் கிழங்கிலிருந்துதான் ஸ்டீராய்டுகளுக்கான மூலப்பொருள் கிடைத்தது; 1944இல் அங்கே தொடங்கிய சின்டெக்ஸ் நிறுவனமும் பின்வந்த பன்னாட்டு நிறுவனங்களும் அக்கிழங்கால் கொழுத்தன. தோண்டியவனுக்குக் காசு சில்லறையாகவே வந்தது. 1975இல் மெக்சிகோ அரசு புரோகிவெமெக்ஸ் என்னும் பொதுத்துறை நிறுவனத்தை ஏற்படுத்திக் கிழங்கு வணிகத்தைத் தன் கைக்குக் கொண்டுவர முயன்றது. மனிதகுலம் தேடிக் கண்டடைந்த அருமருந்தொன்றைச் சந்தை எப்படி ஆயுதமாக்குகிறது என்பதே கேள்வி. மருந்தைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது சந்தையைத் தப்பவிடுவதாகும்.

சந்தை செய்த தந்திரம் எளியது. ஸ்டீராய்டு ஒன்று, பூஞ்சைக்கொல்லி ஒன்று, பாக்டீரியாக்கொல்லி ஒன்று அல்லது இரண்டு ஆகியவற்றை ஒரே குழாயில் அடைப்பது. நோய் என்னவென்று யாருக்கும் தெரிய வேண்டியதில்லை; எதுவாக இருந்தாலும் ஏதோ ஒன்று வேலை செய்யும். அதிலும் சேர்ப்பது மெல்லிய ஸ்டீராய்டு அன்று. ஹைட்ரோகார்ட்டிசோனைவிடப் பல நூறு மடங்கு வீரியமுள்ள குளோபெட்டசால். உடனடி நிவாரணம் கிடைத்தால்தானே வாடிக்கையாளர் திரும்பி வருவார்? உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அரிப்புக்கும் அழற்சிக்கும் உரிய களிம்புகளாக இடம்பெற்றிருப்பவை பீட்டாமெத்தசோன், ஹைட்ரோகார்ட்டிசோன், கேலமைன் ஆகியவை மட்டுமே. மூன்றையும் நான்கையும் கலக்கிய கூட்டுக் களிம்புக்கு அங்கே இடமில்லை.

அரசு என்ன செய்தது? இக்கேள்விக்கான விடை இந்தியக் கட்டுப்பாட்டு அமைப்பின் வர்க்கக் குணத்தைக் காட்டும் பாடம். ஸ்டீராய்டுகள் மருந்துச் சீட்டின்றி விற்கக்கூடாத 'எச்' அட்டவணையில் நெடுங்காலமாகவே இருந்தன. ஆனால் அட்டவணையின் அடிக்குறிப்பில் ஒரு வாசகம்: வெளிப்பூச்சுக்கான தயாரிப்புகள் நீங்கலாக. வாய்வழி உட்கொள்ளும் மாத்திரைக்குச் சீட்டு வேண்டும், தோல்வழி உள்ளே போகும் களிம்புக்கு வேண்டாம்! தோல் ஏதோ இரும்புச் சுவர் என்பதுபோல. முன்கையில் உறிஞ்சப்படும் ஹைட்ரோகார்ட்டிசோனைப் போல நெற்றியில் 6 மடங்கும், தாடையில் 13 மடங்கும், விரைப்பையில் 42 மடங்கும் உறிஞ்சப்படுகிறது என்று 1967இலேயே அளந்து வெளியிடப்பட்டது. அரை நூற்றாண்டாக அந்த அடிக்குறிப்பு அசையவில்லை. இந்தியத் தோல் மருத்துவர்கள் சங்கம் தனிக்குழு அமைத்துப் பல ஆண்டுகள் போராடிய பிறகு, 2018 மார்ச் மாதம் 14 வகை ஸ்டீராய்டுக் களிம்புகள் சீட்டுக் கட்டாயத்தின்கீழ் கொண்டுவரப்பட்டன.

கூட்டு மருந்துகளின் கதை இன்னும் வெட்கக்கேடானது. மத்திய அனுமதி இல்லாமலேயே மாநில உரிம அதிகாரிகள் இக்கலவைகளுக்கு வரிசையாக உரிமம் வழங்கியதை 2012 மே மாதம் நாடாளுமன்ற நிலைக்குழுவின் 59ஆவது அறிக்கை அம்பலப்படுத்தியது. 2016 மார்ச் 10 அன்று 344 கூட்டு மருந்துகள் தடை செய்யப்பட்டன. நிறுவனங்கள் நீதிமன்றம் ஏறின. அவ்வாண்டு டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் விவகாரத்தை மருந்துத் தொழில்நுட்ப ஆலோசனை வாரியத்துக்கு அனுப்பியது. 2018 செப்டம்பரில் 328 கலவைகள் தடை செய்யப்பட்டன. வீட்டுக்கு வீடு புழங்கிய பான்டெர்ம் பிளஸ் களிம்பும் அவற்றுள் ஒன்று. நிறுவனங்களுக்கு என்ன நட்டம்? ஒரு கலவை தடைபட்டால் ஒரு பொருளை மாற்றி, பெயரோடு ஓர் எழுத்தையோ எண்ணையோ ஒட்டி, அடுத்த குழாய் வந்துவிடும். பிராண்டு பெயர்களைப் படிப்படியாக ஒழித்துப் பொதுப்பெயர் முறைக்கு மாற வேண்டுமென ஹாத்தி குழு 1975இலேயே பரிந்துரைத்தது. அதைக் கிடப்பில் போட்ட காங்கிரஸ் அரசுகளும், மருந்து நிறுவனங்களின் விற்பனை நெறிமுறையை 2024இல் புதுப்பித்தபோதுகூடச் சட்டமாக்காமல் நிறுவனங்களின் நல்லெண்ணத்துக்கு விட்டுவிட்ட இன்றைய ஒன்றிய அரசும் இதில் ஒரே வழியில்தான் நடக்கின்றன. அந்நெறிமுறையைச் சட்டமாக்கக் கோரி உச்ச நீதிமன்றம் வரை சென்றது மருந்து விற்பனைப் பிரதிநிதிகளின் தொழிற்சங்கம் என்பதை இங்கே குறிப்பிட்டாக வேண்டும். சரக்கைச் சுமந்து திரியும் தொழிலாளிக்குத்தான் அதன் உள்கதை தெரியும்.

முகத்தின் கதை தனி. கறுப்பைக் குறையாக்கி விற்கும் சந்தைக்கு ஸ்டீராய்டு வரப்பிரசாதம். பூசிய சில நாட்களில் தோல் வெளிறும். ஹைட்ரோகுவினோன், ட்ரெடினோயின், மோமெடசோன் மூன்றையும் கலந்த குழாய் மங்கு என்னும் கரும்படைக்குக் குறுகிய காலம் மட்டும், மருத்துவர் கண்காணிப்பில் தரப்பட வேண்டியது. அது அழகுக் களிம்பாக விற்கப்படுகிறது. நாட்டின் 12 தோல் மருத்துவ மையங்களில் நடத்தி 2011இல் வெளியான ஆய்வில், முகத் தோல் நோயோடு வந்த 2,926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டுக் களிம்பு பூசி வந்தது தெரிந்தது. அவர்களில் 90 விழுக்காட்டினருக்கு மேல் அதனாலேயே கேடு விளைந்திருந்தது. பருக்கள், ரத்த நாளங்கள் தெரியுமளவு மெலிந்த தோல், பெண்கள் முகத்தில் முடி. நிறுத்தினால் தீப்பட்டது போன்ற எரிச்சல். ஆகவே நிறுத்த முடிவதில்லை. திருமணச் சந்தையில் பெண்ணின் நிறத்துக்கு விலை பேசும் சமூகம் இருக்கும்வரை இக்குழாய்க்கு விளம்பரமே தேவையில்லை. சாதியும் ஆணாதிக்கமும் இலவசமாகவே விற்பனைப் பிரதிநிதி வேலையைப் பார்க்கின்றன.

இதைப் பயன்படுத்திக்கொண்டு இன்னொரு கூட்டம் கடை விரிக்கிறது. "ஆங்கில மருந்தே விஷம், எங்கள் மூலிகைக் களிம்பில் பக்கவிளைவு கிடையாது" என்று. உள்ளடக்கம் எழுதப்படாத டப்பாவில் இரண்டே நாளில் அரிப்பை நிறுத்தும் மூலிகை இருந்தால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதா என்றுதான் முதலில் கேட்க வேண்டும். 2023இல் மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரகம் பழுதாகி வந்த சிலரிடம் விசாரித்தபோது, அவர்கள் பூசிய வெளுப்புக் களிம்புகளில் பாதரசம் இருந்தது வெளிப்பட்டது. அதையொட்டிக் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்னும் பெயரில் சோதனைகளை நடத்தியது. மரபு மருத்துவத்தின் பேரில் நடக்கும் மோசடியும் மூலதனத்தின் மோசடிதான்; காவி நிறம் பூசிக்கொண்டாலும் அது வேறொன்றாகிவிடாது.

இயக்கத்துக்குள்ளேயே எழும் ஒரு வாதத்துக்கும் விடை சொல்லியாக வேண்டும். கட்டுப்பாட்டை இறுக்கினால் ஏழைக்குக் கிடைக்கும் கொஞ்ச நிவாரணமும் பறிபோகும், மருந்துக் கடைக்காரர்தானே ஏழையின் மருத்துவர் என்று சில தோழர்கள் கூறுகின்றனர். கேட்பதற்கு மக்கள் பக்கம் நிற்பதுபோல் தோன்றும் வாதம்தான். நியாயவிலைக் கடையில் புழுத்த அரிசி போட்டால், இதுவும் இல்லாவிட்டால் பட்டினி என்று இடதுசாரிகள் ஏற்றுக்கொண்டதுண்டா? நல்ல அரிசி கேட்டுத்தான் போராடினார்கள். மருத்துவர் கிடைக்காததற்குத் தீர்வு மருத்துவரைக் கேட்பதே. கேரளத்தில் ஆர்த்ரம் திட்டத்தின்கீழ் குடும்ப நல மையங்களாக உயர்த்தப்பட்ட ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாலை 6 மணி வரை புறநோயாளிகளைப் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. பால் வெட்டு நண்பகலுக்குள் முடிந்துவிடும். கூலியை இழக்காமலேயே தொழிலாளி மருத்துவரைப் பார்க்க முடியும், அந்த மருத்துவர் 6 மணி வரை அங்கே இருந்தால். பூஞ்சைக்கொல்லிக் களிம்பு மையத்தின் அலமாரியில் இருந்தால். தமிழ்நாட்டில் 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' ரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் வீட்டு வாசலில் மாத்திரை தருகிறது. தோலும் உடலின் உறுப்புதான் என்று அத்திட்டத்துக்கு யாராவது சொல்ல வேண்டும்.

நோயாளியின் அறியாமையே காரணம் என்னும் படித்தவர்களின் தீர்ப்பு இதைவிட மோசமானது. குழாயின்மேல் எறும்பு எழுத்தில் ஆங்கிலம். கடைக்காரர் பேசுவது மலையாளம். எல்லைக் கிராமத்தில் தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த முதிய தொழிலாளி எதை அறிந்துகொள்ள வேண்டும் என்கிறார்கள்? 1956இல் மாநில எல்லைகள் வகுக்கப்பட்டபோது நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் தம் மொழியிலேயே அரசுக்கு எழுதும் உரிமையை ஏற்கிறது. அரசு மருத்துவமனையின் மருந்தகச் சாளரத்தில் அந்த உரிமை ஓர் அட்டையளவுகூட வந்து சேரவில்லை என்றால் அது யாருடைய அறியாமை?

அறிய வேண்டியதோ ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். கரப்பானுக்கும் ஒவ்வாமை அரிப்புக்கும் ஸ்டீராய்டு உதவும்; படர்தாமரைக்கு அது எதிரி. ஆகவே முதலில் நோய் இன்னதென்று மருத்துவர் சொல்ல வேண்டும். உணர்ச்சியற்ற வெளிறிய திட்டாக இருந்தால் எதையும் பூசாமல் சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும், தொழுநோயாக இருக்கக்கூடும். முகம், அக்குள், தொடையிடுக்கு, குழந்தையின் உடல் ஆகியவற்றுக்கு மெல்லிய வகை மட்டுமே. வீரியமானவை உள்ளங்கை, உள்ளங்கால் போன்ற தடித்த தோலுக்கு. அளவுக்கு ஆள்காட்டி விரலே அளவுகோல். அதன் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கிய களிம்பு ஏறத்தாழ அரை கிராம். வயது வந்தவரின் இரு உள்ளங்கை அகலமுள்ள இடத்துக்கு அது போதும். ஒரு நாளில் ஒரு முறை, மிஞ்சினால் இரு முறை. மருத்துவர் சொன்ன நாட்களுக்கு மட்டும். குளோபெட்டசால் போன்றவற்றை இரண்டு வாரத்துக்கு மேலோ, வாரம் 50 கிராமுக்கு மேலோ பூசக் கூடாது. மாதக்கணக்கில் பூசிவிட்டவர் பயந்து ஒரே நாளில் நிறுத்தினாலும் துன்பம்தான். மருத்துவர் துணையோடு குறைத்து நிறுத்த வேண்டும். வறண்ட தோலுக்கு வாசலினோ தேங்காயெண்ணெயோ நாள்தோறும் தேவை. ஒருவர் குழாயை மற்றவர் தொடக் கூடாது. படர்தாமரை என்றால் வீட்டிலுள்ள நோயாளிகள் அனைவருக்கும் ஒரே நேரத்தில் பூஞ்சைக்கொல்லி, தோல் தெளிந்தாலும் மருத்துவர் சொல்லும்வரை. துண்டும் உள்ளாடையும் தனித்தனியாகச் சுடுநீரில் துவைத்து வெயிலில் காய வேண்டும்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் அச்சம் பரப்பிய பழி வரும். கரப்பானால் தூங்காமல் அழும் குழந்தைக்கு மருத்துவர் எழுதிய களிம்பை, ஸ்டீராய்டு என்னும் சொல்லைக் கேட்டதும் குப்பையில் எறியும் பெற்றோரும் இருக்கிறார்கள். சரியான வகை, சரியான அளவு, சரியான காலம் என்று பூசினால் அக்குழந்தை உறங்கும். அந்த உறக்கத்தையும் அக்குழந்தையிடமிருந்து சந்தைதான் பறித்திருக்கிறது. நல்ல மருந்தின் பெயரை அது கெடுத்து வைத்திருப்பதால்.

கட்சி அலுவலகங்களின் மேசை இழுப்பறைகளிலும் பாதி பிதுக்கிய அந்தக் குழாய் கிடப்பதுண்டு. பிரச்சார இயக்கத்தை அந்த இழுப்பறையிலிருந்து தொடங்குவதில் தவறில்லை.

எல்லை இன்னொரு சிக்கலைக் கொண்டுவருகிறது. 2024 ஜனவரியில் சீட்டின்றி நுண்ணுயிர்க்கொல்லி விற்கும் கடைகளைப் பிடிக்கக் கேரளம் 'ஆபரேஷன் அம்ருத்' தொடங்கியது. மனமிருந்தால் முடியும் என்பதற்கு அது சான்று. 'எச்' அட்டவணையிலுள்ள களிம்புகளுக்கும் அதை விரிவுபடுத்தச் சட்டத் தடை ஏதுமில்லை. ஆனால் பனச்சமூட்டிலோ களியக்காவிளையிலோ சில அடி நடந்தால் மாநிலம் மாறிவிடுகிறது. ஒரு பக்கம் சோதனை என்றால் மறுபக்கம் விற்பனை. சட்டம் நாடு முழுமைக்கும் ஒன்றே. அதைச் செயல்படுத்தும் மருந்து ஆய்வாளர்கள் இரு அரசுகளுக்குக் கீழே. திருவனந்தபுரம், கன்னியாகுமரி ஆகிய இரு மாவட்டத் தோழர்களும் தனித்தனியே மனுக் கொடுப்பதில் பயனில்லை. இரு மாவட்ட மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலர்களும் எல்லைச் சந்தைகளில் ஒரே நாளில் கூட்டுச் சோதனை நடத்த வேண்டும். அம்பூரி முதல் பாறசாலை வரையுள்ள அரசு மருத்துவ நிலையங்களில் களிம்புப் பயன்பாட்டு அட்டை தமிழிலும் மலையாளத்திலும் தொங்க வேண்டும். பால் வெட்டும் தொழிலாளருக்கும் நீர்த்தேக்கத்துக்கு அக்கரையிலுள்ள காணிக்காரர் குடியிருப்புகளுக்கும் மழைக்காலம் முடியும்வரை மாதமொருமுறை தோல் நோய் முகாம் வேண்டும். இம்மூன்று கோரிக்கைகளையும் ஒரே மனுவாக எழுதி, ஒரே நாளில், இரு மாவட்ட ஆட்சியர்களிடமும் கொடுக்க வேண்டும். கேரளத்தில் கொடுக்கும் படி தமிழிலேயே இருக்கட்டும். 1969ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு இடம் தருகிறது.